இதயக் கதவும் கூட்டு வட்டியும்

டெங்கு ஜுரம் நமக்குச் செய்த ஒரே உபகாரம், 'பிளேட்லெட்' என்ற வார்த்தையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதைச் சொன்னால், ஏதோ எவர்சில்வர் தட்டு சமாசாரம் என்று நினைத்திருப்பார்கள். இப்போது காய்கறிக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும். "பையனுக்கு பிளேட்லெட் நாப்பதாயிரத்துக்கு எறங்கிடுச்சு" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும். தங்கம் விலை விசாரிப்பது மாதிரி தினமும் பத்துப் பேர் போன் செய்து, "இன்னிக்கு எவ்வளவு?" என்கிறார்கள். நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு என்று ஆளுக்கொரு பிரிஸ்கிரிப்ஷன் வேறு.

ஆக, பிளேட்லெட் குறைந்தால் ஆபத்து என்ற பாடம் நமக்கு மனப்பாடம். எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே அது செய்கிற விஷமம் ஒன்று உண்டு. அதுவும் இதயத்தின் வாசற்கதவில். இந்த வாரம் அந்தக் கதை.

உடம்பைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பி.காம். உடம்பு ஒன்று சொந்தமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. ஆனால் இந்தக் கதையில் முதல், வட்டி, வட்டிக்கு வட்டி எல்லாம் வருகிறது. காமர்ஸ்காரனுக்கு இது போதாதா?

* * *

ரத்தத்தில் சிவப்பு அணு, வெள்ளை அணு என்று இரண்டு பெரிய கட்சிகள். மூன்றாவதாக ஓர் உதிரிக் கட்சி இருக்கிறதே, அதுதான் பிளேட்லெட். பாடப் புத்தகத்தில் 'ரத்தத் தட்டுகள்'. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் முந்நூறு, நானூறு பேர் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு பொடிசு. ஒரு துளிக்கும் குறைவான ரத்தத்தில், அதாவது ஒரு கன மில்லிமீட்டரில், ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். 1880-களின் தொடக்கத்தில் ஜூலியோ பிட்சோசெரோ என்ற இத்தாலிய டாக்டர்தான் 'இது தனி ஜாதி, ரத்தக்கசிவை அடைப்பது இதுதான்' என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

எலும்பு மஜ்ஜையில் ஒரு ராட்சத செல் இருக்கிறது. அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினால் எப்படிப் பொடிப்பொடியாக உதிரும்? அதே மாதிரி அந்த ராட்சதன் உதிர்ந்து ஆயிரக்கணக்கான பிளேட்லெட்டுகள் வருகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி. இப்படிப்பட்ட எண்ணை நான் மத்திய பட்ஜெட்டில்தான் பார்த்திருக்கிறேன். ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. முழுக்க முழுக்க கான்ட்ராக்ட் லேபர்.

வேலை என்ன? ரோந்து. ரத்தக் குழாயில் எங்கேயாவது ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியதும் அதன் வடிவமே மாறுகிறது. தட்டையாக இருந்தது நாலா பக்கமும் கை நீட்டுகிறது. கூடவே தன் பையைத் திறந்து சாமான்களைக் கொட்டுகிறது. கொத்தனார் பை மாதிரி அதில் பலதும் இருக்கும். மற்ற பிளேட்லெட்டுகளைக் கூப்பிடுகிற ரசாயனம் ஒன்று. காயம்பட்ட இடத்தை மறுபடி கட்டச் சொல்லி அக்கம்பக்கத்து செல்களுக்கு உத்தரவு போடுகிற ரசாயனம் இன்னொன்று. இந்த இரண்டாவது ஆசாமியின் பெயர் டி.ஜி.எஃப். பீட்டா-1. இவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லன் வேஷத்தில் திரும்பி வருவான்.

* * *

இப்போது கதவுக்கு வருவோம்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அயோர்ட்டிக் வால்வு என்று பெயர். மூன்று மெல்லிய இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. இதயம் சுருங்கும்போது திறக்கும், விரியும்போது மூடும். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு துடிப்பு என்று போட்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல். அந்த வாசல் வழியாக தினமும் ஏழாயிரம் லிட்டர் ரத்தம் போகிறது. ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி. எங்கள் வீட்டு வெளி கேட்டை ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிறோம், ஆறே மாதத்தில் கீல் போய்விட்டது. எழுபது வருஷம் எண்ணெய்கூடக் கேட்காமல் உழைக்கிற கதவு இது.

நன்றாகத் திறந்த வால்வின் வாய் மூன்று முதல் நாலு சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அளவுதான். வயதான சிலருக்கு இதழ்களில் சுண்ணாம்பு படிந்து, தடித்து, விறைத்து, திறக்க மறுக்கும். வாய் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் 'தீவிரமான சுருக்கம்' என்கிறார்கள். அது உங்கள் சட்டைப் பொத்தான் அளவு. ஒரு ரூபாய் வழியாகப் போன லாரித் தண்ணீர் இப்போது சட்டைப் பொத்தான் வழியாகப் போயாக வேண்டும்.

தோட்டத்து ஹோஸ் பைப்பின் முனையைக் கட்டை விரலால் அழுத்தினால் என்ன ஆகும்? தண்ணீர் சீறிக்கொண்டு எதிர் வீட்டு மாடிவரை போகும். இங்கேயும் அதேதான். சாதாரணமாக அந்த வாசலில் ரத்தம் விநாடிக்கு ஒரு மீட்டர் சுமாருக்குப் போகும். அதாவது சாவகாசமாக நடக்கிற வேகம். தீவிரமாகச் சுருங்கிவிட்டால் விநாடிக்கு நாலு மீட்டரைத் தாண்டும். நடந்து போய்க்கொண்டிருந்தவர் சைக்கிளில் ஏறி மிதிக்கிற வேகம்.

இது தேய்மானம், வேறொன்றுமில்லை என்றுதான் டாக்டர்களே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அக்கவுன்டன்ஸியில் 'டிப்ரிசியேஷன்' என்று வருஷா வருஷம் எழுதிக் கழிப்போமே, அந்த மாதிரி. அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஆபரேஷனில் எடுத்த 347 வால்வுகளை வெட்டிப் பார்த்து 2001-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் சுண்ணாம்பு படிந்திருந்த வால்வுகளில் 13 சதவீதத்தில் இருந்தது சும்மா சுண்ணாம்பு இல்லை. அசல் எலும்பு! இதயத்துக்குள்ளே எலும்பு முளைத்திருக்கிறது. தேய்கிற பொருளில் எலும்பு முளைக்குமா? யாரோ உத்தரவு போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

யார் அந்த மேஸ்திரி?

* * *

ஒரே ஒரு மேஸ்திரி இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கெட்ட கொழுப்பு, பரம்பரை, ரத்தக் கொதிப்பு, வயது, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழோடு பிறப்பது (நூறு பேரில் ஒன்றிரண்டு பேர் அப்படி), எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் மேஸ்திரிகள் கூட்டத்தில் சமீப வருஷங்களில் அடையாளம் தெரிந்த முகம், நம் கான்ட்ராக்ட் லேபர் பிளேட்லெட்.

கணக்கு இப்படிப் போகிறது. ஏதோ காரணத்தால் வால்வு கொஞ்சம் தடிக்கிறது. வாசல் கொஞ்சம் குறுகுகிறது. ரத்தம் கொஞ்சம் வேகமாகச் சீறுகிறது. அந்தச் சீற்றத்தில் உராய்ந்து இழுபடுகிற பிளேட்லெட், 'எங்கேயோ காயம்' என்று தப்பாகப் புரிந்துகொண்டு பையைத் திறக்கிறது. உள்ளேயிருந்து டி.ஜி.எஃப். பீட்டா-1 வருகிறான். இவன் வரும்போது பூட்டிய பெட்டியாகத்தான் வருவான். ஆனால் ரத்தம் சீறுகிற வேகமே அந்தப் பூட்டை உடைத்துவிடும். வெளியே வந்ததும் வால்வு செல்களைப் பார்த்து, "கட்டுங்கடா!" என்கிறான். அவை நார் நாராகக் கட்டுகின்றன. வால்வு இன்னும் தடிக்கிறது. வாசல் இன்னும் குறுகுகிறது. ரத்தம் இன்னும் வேகமாகச் சீறுகிறது. இன்னும் நிறைய பிளேட்லெட் பை திறக்கிறது...

காமர்ஸ் படித்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். இது கூட்டு வட்டி! ஒவ்வொரு வருஷ வட்டியும் முதலோடு சேர்ந்துகொண்டு, அடுத்த வருஷம் அதற்கும் வட்டி கேட்கிறது. ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பல வருஷம் சாதுவாக இருக்கும். கடைசிச் சில வருஷங்களில்தான் கழுத்தைப் பிடிக்கும். வட்டியை மறக்காமல் வந்து வசூலித்துக் கொடுக்கிற ஏஜென்ட் பிளேட்லெட்.

கற்பனை இல்லை. பிளேட்லெட்டின் பைக்குள் டி.ஜி.எஃப். பீட்டா-1 மட்டும் இல்லாதபடி எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். மற்ற எலிகளுக்கு வால்வு சுருங்கிய அளவுக்கு இவற்றுக்குச் சுருங்கவில்லை. 2014-ல் ஒரு தடவையும் 2019-ல் இன்னொரு தடவையும் இந்தச் சோதனைகள் வெளியாகின. அதே 2019-ல் இன்னோர் ஆய்வு. இது மனிதர்களிடமிருந்து எடுத்த வால்வு. அதன்மேல் பிளேட்லெட்டுகள் பை திறந்த கோலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை கொட்டுகிற ரசாயனம் வால்வு செல்லை எலும்பு செல் மாதிரி நடந்துகொள்ளத் தூண்டுகிறது என்றும் காட்டினார்கள்.

எலிக்குச் சரி, மனிதனுக்கு எவ்வளவு பங்கு என்பதை இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் மருந்துக் கடைக்குப் போய், "பிளேட்லெட்டை அடக்க ஆஸ்பிரின் குடுப்பா" என்று கேட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டால் வால்வு சுருங்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இந்த நோயில் ஆஸ்பிரின் எப்படித் திருப்பி அடிக்கும் என்பதற்கு என் பெரியப்பாவே சாட்சி.

* * *

பெரியப்பாவுக்கு வயது எழுபத்தாறு. தஞ்சாவூர்ப் பக்கம். ரிட்டயர் ஆன தலைமையாசிரியர். சாயங்காலம் நாலு தெரு சுற்றாமல் காபி குடிக்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அது இரண்டு தெருவானது. பிறகு வாசல் திண்ணை.

"மூச்சு வாங்குதுடா" என்றார்.

"வயசாச்சுன்னா வாங்காதா பின்னே? என்னமோ இருவது வயசுப் புள்ள மாதிரி" என்றார் பெரியம்மா.

ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் ஏழு. பிளேட்லெட் இரண்டே கால் லட்சம், ஏ-ஒன். சோகைதான் என்று முடிவாகி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கறுப்பு வெல்லம், இரும்பு டானிக் என்று வீடே இரும்புக் கடையானது. ரத்தம் ஏறும், மூன்றே மாதத்தில் இறங்கிவிடும். எங்கேயோ ஒழுகுகிறது என்று தெரிந்தது. மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்கள். இதற்கு நடுவில் யாரோ உறவினர், "வயசானவங்க இதயத்துக்கு நல்லது" என்று தினம் ஓர் ஆஸ்பிரின் சிபாரிசு செய்ய, அதைச் சாப்பிட்ட மாதங்களில் ஒழுகல் இரட்டிப்பானது. எனக்குப் பார்த்தவரையில் இது ஆடிட்டிங் பிரச்னை. வரவு சரியாக இருக்கிறது, செலவுக்கு வவுச்சர் இல்லை, கையிருப்பு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

மூன்றாவது தடவை ரத்தம் ஏற்றப் போனபோது, டூட்டியில் இருந்த சின்னப் பெண், இப்போதுதான் படித்து முடித்தவர் போலிருக்கிறது, பெரியப்பாவின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எடுக்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

"தாத்தா, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்குங்க."

"பிடிக்கிறதுக்கு மூச்சு இருந்தாத்தானேம்மா" என்றார் பெரியப்பா.

அவர் சிரித்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "இவருக்கு எக்கோ எடுத்திருக்கீங்களா?" என்றார்.

"ஒழுகுறது வயித்துல டாக்டரம்மா. நீங்க நெஞ்சைப் பார்க்கிறீங்களே" என்றார் பெரியம்மா.

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்மா."

எக்கோ எடுத்தார்கள். வால்வின் வாய் 0.7 சதுர சென்டிமீட்டர்.

* * *

வயிற்றில் ஒழுகுவதற்கும் நெஞ்சில் அடைப்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி 1958-லேயே எழுந்துவிட்டது. அமெரிக்காவில் எட்வர்ட் ஹைட் என்ற டாக்டர் ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். 'வால்வு சுருங்கிய பத்து முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேருக்கும் குடலில் ரத்தப்போக்கு. காரணம் தெரியவில்லை. வேறு யாராவது பார்த்ததுண்டா?' என்கிற தோரணையில். நம் பத்திரிகைகளின் வாசகர் கடிதம் மாதிரிதான். அந்தக் கடிதத்தால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கு 'ஹைட் சிண்ட்ரோம்' என்றே சொல்கிறார்கள்.

விடை கிடைக்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த விடையின் சாவியோ 1926-லேயே ஃபின்லாந்தில் கிடைத்திருந்தது. அங்கே ஓலாந்து தீவில் ஒரு குடும்பத்தில் பலருக்கு ரத்தம் நிற்காமல் கசியும். அங்கிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைச் சோதித்த எரிக் ஃபான் வில்லிபிரான்ட் என்ற டாக்டர், இது புதுவித நோய் என்று எழுதினார். ரத்தத்தில் மிதக்கிற ஒரு புரதம் அவர்களுக்குக் குறைவு என்று பிற்பாடு கண்டுபிடித்து, அந்தப் புரதத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

அது ஒரு நீளமான கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகச் சுருண்டு கிடக்கும். ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு முனை ஒட்டிக்கொண்டு விரியும். ஓடுகிற பஸ்ஸில் தொங்குகிற கைப்பிடி மாதிரி, வேகமாக ஓடும் ரத்தத்தில் பிளேட்லெட் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இந்தக் கயிறுதான் ஆதாரம். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிமானம்.

கயிறு அளவுக்கு மீறி நீளாமல் இருக்க உடம்பே ஒரு கத்தரிக்கோலும் வைத்திருக்கிறது. சுருண்டிருக்கும்போது அதனால் வெட்ட முடியாது, விரிந்தால்தான் முடியும். இங்கேதான் சிக்கல். சட்டைப் பொத்தான் வாசலில் ரத்தம் சீறும்போது, காயமே இல்லாமல் கயிறு விரிந்துவிடுகிறது. கத்தரிக்கோல் தன் கடமையைச் செய்கிறது. நீளக் கயிறெல்லாம் துண்டு துண்டு.

இப்போது பெரியப்பாவின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பிளேட்லெட் இரண்டே கால் லட்சம். குறையே இல்லை. ஆனால் பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது, சீட்டில் ஆள் இல்லை. இந்த நிலைமையை நம் ஊரில் நான் விளக்கத் தேவையில்லை.

வயதானவர்கள் சிலரின் குடல் சுவரில் நைந்த பழம் மாதிரி மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கும். அவை லேசாகக் கசிந்தால் சாதாரணமாக பிளேட்லெட் அடைத்துவிடும். கயிறு இல்லாவிட்டால் அடைக்க முடியாது. ஒழுகிக்கொண்டே இருக்கும். இருக்கிற கொஞ்சநஞ்ச பிளேட்லெட் சுறுசுறுப்பையும் ஆஸ்பிரின் கொடுத்துத் தூங்கவைத்தால் கேட்கவே வேண்டாம்.

பிரான்ஸில் லீல் நகர டாக்டர்கள் ஐம்பது நோயாளிகளை வைத்து 2003-ல் இதை நிரூபித்தார்கள். வால்வு தீவிரமாகச் சுருங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரத்தக்கசிவு இருந்தது. கயிறு அறுபட்ட அடையாளம் பெரும்பாலோரிடம் இருந்தது. வால்வை மாற்றியதும், மறுநாளே சரியாகிவிட்டது. வயிற்று ஒழுகலுக்கு நெஞ்சில் வைத்தியம்!

ஆக, ஒரே பிளேட்லெட்டுக்கு இரட்டை வேஷம். வால்வு வாசலில் வேண்டாத கட்டடம் கட்டுகிறது. குடலில் வேண்டிய அடைப்பை அடைக்க முடியாமல் கை பிசைகிறது. நம் படங்களில் அண்ணனும் தம்பியும் ஒரே நடிகர் என்றால் மீசையிலாவது வித்தியாசம் இருக்கும்.

* * *

சரி, வட்டியை நிறுத்த மாத்திரை இருக்கிறதா?

இன்றைய தேதிவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை வால்வையும் காப்பாற்றும் என்று ரொம்ப நம்பினார்கள். 1873 நோயாளிகளுக்குக் கொழுப்புக் குறைக்கும் மாத்திரைகளோ டம்மி மாத்திரையோ கொடுத்துப் பார்த்து 2008-ல் ரிசல்ட் சொன்னார்கள். கொழுப்பு குறைந்தது, வால்வு கேட்கவில்லை. டி.ஜி.எஃப். பீட்டா-1-ஐ மொத்தமாகக் கட்டிப் போடலாமென்றால், அவன் உடம்பில் வேறு நூறு நல்ல காரியங்களையும் பார்க்கிறான். பிளேட்லெட்டையே முடக்கினால் ரத்தம் நிற்காது. வட்டிக்காரனை அடிக்கப் போனால் வீட்டு வாட்ச்மேனும் அவனே என்கிற நிலைமை.

எனவே செய்யக்கூடியது கடனை ஒரேயடியாக அடைப்பது. அதாவது கதவையே மாற்றுவது. 1960-லிருந்து மார்பைத் திறந்து மாற்றுகிறார்கள். 2002 ஏப்ரலில் பிரான்ஸில் ரூவான் நகரத்தில் அலென் கிரிபியே என்ற டாக்டர், ஆபரேஷனைத் தாங்க முடியாத 57 வயதுக்காரர் ஒருவருக்குத் தொடை ரத்தக் குழாய் வழியாக ஒரு மடக்கு வால்வைக் கொண்டுபோய் விரித்தார். ஆரம்பத்தில் 'நடக்கிற காரியமா இது' என்று அவரைப் பலர் கேட்டதுண்டு. இப்போது உலகம் பூராவும் நடக்கிறது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. செலவு லட்சக்கணக்கில். ஒரு துண்டு நிலம் போயிற்று.

கதவு என்றதும் நம்ம பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் செயற்கை வால்வு வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். நம் நாட்டிலோ, சின்ன வயதில் தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து ஜுரமாகி வால்வைக் கெடுக்கிற நோய் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு செய்ய ஆரம்பித்தார்கள். மூன்று மாடல் தேறவில்லை. நாலாவது தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வளையம், அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதைத் தயாரித்து விற்க முன்வந்தது யார் தெரியுமா? நம் வீட்டுக் குக்கரைச் செய்கிற டி.டி.கே. குழுமம்! ஆவி போகிற வால்வு, ஆவியைக் காப்பாற்றுகிற வால்வு, இரண்டும் ஒரே குடும்பத்தில்.

உலோக வால்வு வைத்துக்கொண்டால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. அந்நியப் பொருளைப் பார்த்ததும் நம் கான்ட்ராக்ட் லேபர் ரோந்து வந்துவிடுமே! மாத்திரையை ஒரு நாள்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இங்கே அதுதான் வாட்ச்மேன் சம்பளம்.

* * *

பெரியப்பாவின் ஹீமோகுளோபின் இப்போது பன்னிரண்டு. இரும்பு டானிக் பாட்டிலில் பெரியம்மா தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். ஆனால் இந்தக் கட்டுரை அவருக்காக இல்லை. உங்கள் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்காக.

வால்வு சுருக்கம் பல வருஷம் சத்தம் காட்டாது என்றேன். அது நமக்குத்தான். ஸ்டெதஸ்கோப்புக்குக் காட்டும். குறுகிய வாசலில் ரத்தம் சீறுகிற அந்தச் சத்தத்தை, காது கொடுத்துக் கேட்கிற டாக்டர் பெரும்பாலும் பிடித்துவிடுவார். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, நடந்தால் மார் வலிப்பது, வேகமாக நடந்தாலோ பாரம் தூக்கினாலோ கண் இருட்டி மயங்குவது, இந்த மூன்றும் வட்டி முற்றியதற்கு அடையாளம். வாசல் தீவிரமாகச் சுருங்கி, இதில் ஏதாவது ஒன்று தலைகாட்டிய பிறகும் கதவை மாற்றாமல் விட்டால், பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வருஷம்தான் தவணை. இந்த மூன்றுக்கும் நம் வீடுகளில் நாம் வைத்திருக்கிற பொதுப் பெயர் 'வயசாச்சு'.

அதோடு நாலாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் ஏறாத, எங்கே ஒழுகுகிறது என்று தெரியாத சோகை. வயிற்றைப் பார்க்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. வயிற்றில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் நெஞ்சையும் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். எக்கோ ஒரு வலியில்லாத டெஸ்ட். ஊசி கிடையாது, பட்டினி கிடையாது. ஜெல்லி தடவும்போது கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த தடவை அப்பாவையோ அம்மாவையோ டாக்டரிடம் கூட்டிப் போனால், ரிப்போர்ட் ஃபைலை நீட்டிவிட்டு, "சார், கொஞ்சம் நெஞ்சுலயும் வெச்சுக் கேட்டுடுங்களேன்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கேட்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.